கண்ணாடி உவமை அன்று

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நம் வாகனங்களில் ஓர் ஓசை எழுகிறது. முன்கண்ணாடியின்மேல் வைப்பர் போகும்போது கிரீச்சிடுகிறது. திரும்பும்போது தடதடவென்று தத்தித் தத்தி வருகிறது. அது துடைத்த இடத்தில் வரிவரியாக நீர் நிற்கிறது. உடன் வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஓட்டுகிறவர் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு வைப்பரை நிறுத்திவிடுகிறார். ஓசை அடங்குகிறது. மழை அடங்குவதில்லை.

இந்த வாரம் அந்த ஓசையைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். பிரசங்க மேடைக்கு இது தகுமோ என்று சிலர் எண்ணலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு மழை நாளில் ஏறி இறங்கியவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

நம் பகுதியின் இயல்பை முதலில் நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் மழை விடைபெற்றால், இடையில் வரும் ஓரிரு கோடை மழையைத் தவிர, பல மாதங்களுக்கு வைப்பருக்கு வேலையே இல்லை. அந்த மாதங்கள் முழுவதும் அதன் மெல்லிய ரப்பர் விளிம்பு, வெயிலில் கொதிக்கும் கண்ணாடியின்மேல் ஒரே பக்கமாக மடிந்து கிடக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிரும், வெப்பமும், காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை மெல்ல மெல்ல இறுக்குகின்றன. மறுபுறம் கண்ணாடியின்மேல் சாலைப் புழுதியும், அரிசி ஆலைகளின் உமிச் சாம்பலும், முன்னே செல்லும் லாரிகளின் டீசல் புகையும் படிகின்றன. நிழலுக்காக வேம்பின் கீழோ புளியமரத்தின் கீழோ நிறுத்தினால் பிசுபிசுப்பான துளிகளும் சேர்கின்றன. இறுகிப்போன ரப்பரும் எண்ணெய்ப் படலம் ஏறிய கண்ணாடியும் முதல் பெருமழையன்று சந்திக்கின்றன. அப்போது பிறப்பதே அந்த ஓசை.

இனி நம் சாலைகளை நினைத்துப் பாருங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் வளைவுகள் உண்டு. கார்த்திகை, மார்கழியில் மூடுபனி உண்டு. பல இடங்களில் நடப்பவர்களுக்கென்று தனிப் பாதை கிடையாது. மலையாளிகள் என்று அழைக்கப்படும் நம் மலைவாழ் மக்கள் அந்தச் சாலையின் ஓரத்திலேயே நடக்கிறார்கள். தலையில் விறகுச் சுமையோடு ஒருவர், மரவள்ளி மூட்டையோடு ஒருவர், பள்ளிப் பையைச் சாக்குத் துணியால் மூடிக்கொண்டு பிள்ளைகள். மழை வந்துவிட்டால் குனிந்த தலையோடு நடக்கிற அவர்கள் நம்மைப் பார்ப்பதில்லை. அவர்களைப் பார்க்க வேண்டிய கடமை முழுவதும் நம்முடையதாகிவிடுகிறது. சமவெளிக்கு இறங்கினாலும் நிலைமை எளிதன்று. பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர், மாலை மழையில் அருகே வரும்வரை ஒரு நிழலாகவே தெரியும்.

ஒரு சிறு கணக்கு. வைப்பர் நிமிடத்துக்கு 45 முறை போய்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை போய்வர ஏறக்குறைய 1.3 வினாடி ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். ஆகவே ஒருமுறை வைப்பர் சரியாகத் துடைக்கத் தவறினால், கலங்கிய கண்ணாடியோடு சுமார் 15 மீட்டர் தூரம் கடந்துவிடுகிறோம். அது மூன்று கார்களை வரிசையாக நிறுத்திய நீளம். ஓசைக்குப் பயந்து வைப்பரை நிறுத்தி வைக்கிற ஒவ்வொரு நிமிடமும் 600 மீட்டருக்கு மேல் அப்படிக் கடக்கிறோம். இரவில் எதிர்வரும் விளக்கொளி அந்தத் துளிகளிலும் வரிகளிலும் சிதறி, கண்ணாடி முழுவதையும் வெண்திரையாக்கிவிடுகிறது. வயது ஏற ஏற இந்தக் கூச்சம் கண்ணுக்கு இன்னும் கடினமாகிறது.

ஆகவே என் கருத்து இதுதான்: வைப்பரின் ஓசை, ஓட்டுகிறவரின் காதுக்கு வந்த தொல்லை என்று ஒதுக்கத் தக்கதன்று. அது சாலையில் நடக்கிறவரின் உயிரைக் குறித்து நமக்கு வருகிற முன்னறிவிப்பு. அதைப் பொறுத்துக்கொள்வதும் தவறு. அதை அடக்குவதற்காக வைப்பரையே நிறுத்துவது அதனினும் பெரிய தவறு.

இந்தக் கருவி பிறந்த வரலாறே இதற்குச் சாட்சி. அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி, ஒரு குளிர்காலத்தில் நியூயார்க் நகரத்து டிராம் வண்டியில் பயணம் செய்தார். பனிமழையில் முன்னே பார்க்க முடியாமல் ஓட்டுநர் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு தவித்ததைக் கண்டார். உள்ளிருந்து ஒரு நெம்புகோலால் இயக்கக்கூடிய துடைப்பானை வடிவமைத்து, 1903 நவம்பர் 10 அன்று அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் காப்புரிமையால் அவருக்குப் பொருள் எதுவும் சேரவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின், பஃபலோ நகரத்தில் ஜான் ஆய்ஷை என்பவர் மழை இரவொன்றில் கார் ஓட்டிச் சென்றபோது, கண்ணாடி வழியே கண்ணுக்குத் தெரியாத ஒரு மிதிவண்டிக்காரர்மேல் மோதினார். அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆய்ஷை அந்த நிகழ்ச்சியை மறக்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கும் கருவிகளைத் தயாரித்து விற்பதற்காகவே 1917-இல் அவர் தொடங்கிய நிறுவனம், பிற்காலத்தில் டிரைக்கோ என்று உலகறிந்த பெயராயிற்று. ஒருவர் அயலாரின் தவிப்பைக் கண்டார். மற்றவர் தம்மால் அயலாருக்கு நேர்ந்த அடியைக் கண்டார். வைப்பர் அவ்விருவர் வழியாகவும் வந்தது.

இனி, அந்த ஓசைக்குக் காரணம் என்ன, செய்ய வேண்டியது என்ன என்பதைப் பார்ப்போம்.

வைப்பர் பிளேடின் அடியில் கத்தி முனைபோல் மெல்லிய ரப்பர் உதடு ஒன்று உண்டு. வைப்பர் வலப்புறம் போகும்போது அது இடப்புறம் சாய்ந்து பின்னால் இழுபட வேண்டும். திரும்பும்போது மறுபுறம் சாய வேண்டும். இப்படிச் சாய்ந்து இழுபடும்போதுதான் நீர் சீராக வழிக்கப்படுகிறது. உதடு சாய மறுத்து நிமிர்ந்து நின்றால், கண்ணாடியைத் துடைப்பதற்குப் பதிலாகக் குத்துகிறது. ஒரு கணம் ஒட்டி நிற்கிறது; வைப்பர் கை இழுக்க இழுக்க விசை கூடி, திடீரென்று விடுபட்டுத் துள்ளுகிறது; மறுபடியும் ஒட்டுகிறது. ஒரு வினாடிக்குள் பலமுறை நடக்கும் இந்த ஒட்டலும் துள்ளலுமே நாம் கேட்கும் தடதடப்பு. மேசையின்மேல் விரலை அழுத்தி நிமிர்த்திப் பிடித்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள்; அதே துள்ளலை உணர்வீர்கள். விரலைச் சாய்த்துப் பின்னோக்கி இழுங்கள், சீராக வரும்.

இதற்குக் காரணங்கள் நான்கு. அவற்றை ஒரு வரிசையில் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் வரிசையை மாற்றி, நேரே கடைக்குப் போய்ப் புதுப் பிளேடு வாங்குகிறார்கள். கண்ணாடியில் படலம் இருந்தால் புதுப் பிளேடும் சில நாட்களில் அதே பாட்டைப் பாடும்.

முதலாவது, கண்ணாடி. அதன்மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நீர் ஒரே விரிப்பாகப் படர்ந்து வழிந்தால் கண்ணாடி சுத்தம். திட்டுத்திட்டாக முத்துப்போல் திரண்டு நின்றால் அங்கே எண்ணெயோ மெழுகோ உண்டு. நீர் ஒட்டாதிருக்கப் பூசும் திரவத்தை நீங்களே பூசியிருந்தால் இந்தச் சோதனை பொருந்தாது. அந்தப் பூச்சு தேய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும்போது அதுவே தடதடப்புக்குக் காரணமாவதும் உண்டு. பாத்திரம் துலக்கும் திரவம் சில துளி கலந்த தண்ணீரால் கண்ணாடி முழுவதையும் நன்கு தேய்த்து, சோப்புச் சுவடே இல்லாதபடி கழுவுங்கள். அதன்பின் சுத்தமான துணியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்து, பெயிண்டில் படாமல் கண்ணாடியை மட்டும் துடையுங்கள். வைப்பர் படுத்திருக்கும் கீழ்ப்பகுதியை மறந்துவிடாதீர்கள். அழுக்கு அங்கேதான் மிகுதி. கண்ணாடியின் உட்புறத்தையும் துடையுங்கள். அதிலுள்ள படலம் மலைக்குளிரில் எளிதாக ஆவி பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, ரப்பர். வைப்பர் கையைத் தூக்குமுன் கண்ணாடியின்மேல் ஒரு தடித்த துண்டை விரித்துவிடுங்கள். கை தவறி ஸ்பிரிங் விசையோடு அறைந்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். ஈரத் துணியை ரப்பர் உதட்டின் இருபுறமும் நீளவாக்கில் இழுத்துத் துடையுங்கள். துணியில் கறுப்பு வரும். அது நின்றுபோகும்வரை துடையுங்கள். பிறகு விரலால் உதட்டை இருபுறமும் சாய்த்துப் பாருங்கள். இருபுறமும் எளிதாகச் சாய்ந்தால் நல்லது. ஒரே பக்கமாக வளைந்தே நின்றாலோ, விளிம்பில் வெடிப்போ பிசிறோ தெரிந்தாலோ, அதன் காலம் முடிந்துவிட்டது. பழைய வகைச் சட்டம் உறுதியாக இருந்தால் ரப்பர்ப் பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அப்போது பழைய பட்டையின் பள்ளங்களில் இருக்கும் மெல்லிய எஃகுத் தகடுகள் இரண்டையும், அவை இருந்த வளைவு மாறாமல் புதிய பட்டைக்குள் செருக வேண்டும். முழுப் பிளேடு வாங்கினால், பழையதன் நீளத்தை அளந்து அதே அளவில் வாங்குங்கள். ஓட்டுநர் பக்கத்துப் பிளேடும் மறுபக்கத்துப் பிளேடும் பல கார்களில் ஒரே நீளம் அல்ல.

மூன்றாவது, வைப்பர் கையின் கோணம். கண்ணாடி சுத்தம், ரப்பர் புதிது, ஆயினும் ஒரு திசையில் மட்டும் துள்ளுகிறது என்றால் ஐயம் கையின்மேல் விழ வேண்டும். வைப்பர் கண்ணாடியின் நடுவே வரும்போது சாவியை அணைத்து அங்கேயே நிறுத்துங்கள். பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ரப்பர் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்து நின்றால், போகும்போது சாய்கிற உதடு திரும்பும்போது சாயாது. கழுவுகிறவர் அழுத்தித் திருகியதாலோ, யாரோ கையைப் பிடித்து இழுத்ததாலோ இந்தச் சரிவு நேரலாம். பிளேடைக் கழற்றிவிட்டு, துணி சுற்றிய ஸ்பேனரால் கையின் முனையை மிகச் சிறிதளவு திருகி இதைச் சரிசெய்வார்கள். ஓரிரு பாகையே போதும். வார்ப்புக் கைகள் முறிந்துவிடக் கூடும் என்பதால், பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது. ஆனால் அவரிடம், “பிளேடை மாற்றுங்கள்” என்று சொல்லாதீர்கள். “திரும்பும்போது மட்டும் துள்ளுகிறது, கையின் கோணத்தைப் பாருங்கள்” என்று சொல்லுங்கள். குறையைச் சரியாகச் சொல்வதே பாதி வேலை.

நான்காவது, கையின் ஸ்பிரிங்கும் அடியிலுள்ள இணைப்புகளும். ஸ்பிரிங் தளர்ந்தால் ரப்பர் கண்ணாடியில் அழுந்தாது. வேகம் கூடும்போது காற்று பிளேடைத் தூக்கிவிடும். கை பொருந்தியிருக்கும் நட்டு தளர்ந்தால் வைப்பர் ஆடும். இணைப்புகளின் புஷ் தேய்ந்திருந்தால், ஒவ்வொரு முனையிலும் திரும்பும்போது ‘டக்’ என்று ஓசை வரும். இவை அரிதானவை. ஆகவேதான் கடைசியில் வருகின்றன.

செய்யக் கூடாதவை சில உண்டு. ரப்பர் மென்மையாகட்டும் என்று மண்ணெண்ணெயோ டீசலோ எஞ்சின் ஆயிலோ தடவாதீர்கள். அவை ரப்பரை ஊதச்செய்து அழிக்கும், கண்ணாடியிலும் படலம் விடும். தேங்காயெண்ணெய் அன்றைக்கு ஓசையை அடக்கும். இரவில் கண்ணைக் கட்டும். கார் உடலுக்குப் பூசும் மெழுகு பாலிஷ் முன்கண்ணாடிக்கு உரியதன்று. காய்ந்த புழுதியின்மேல் வைப்பரைப் போடாதீர்கள். மணல் துகள் கண்ணாடியில் கீறலிடும், அந்தக் கீறலை எந்தப் பிளேடும் துடைக்காது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அதற்கான தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வைப்பர் ஓடாதபோது கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்து ஓட்டுகிற பழைய பழக்கம் ஒன்று ஓட்டுநர்களிடையே உண்டு. அது வழியில் மாட்டிக்கொண்டவரின் தற்காலிக உபாயம். அதையே பராமரிப்பாக்கிக்கொண்டு மலை ஏறுவது நியாயம் ஆகாது.

“இதெல்லாம் சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு, எங்களுக்கென்ன?” என்று கேட்கிறவர்கள் உங்களில் இருக்கலாம். நாமெல்லாரும் வாடகை வேனில் ஏறுகிறவர்கள்தாம். கல்யாணத்துக்கும், துக்க வீட்டுக்கும், மலைக் கிராமத்தின் ஞாயிறு ஆராதனைக்கும் வேன் பேசுகிறோம். வாடகையைப் பேரம் பேசுகிறோம், இருக்கை எத்தனை என்று எண்ணுகிறோம், பாட்டுப் பெட்டி உண்டா என்று விசாரிக்கிறோம். அடுத்த முறை புறப்படுமுன், “அண்ணா, ஒருமுறை தண்ணீர் விட்டு வைப்பரைப் போட்டுக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். இதில் அவமரியாதை ஒன்றுமில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 101-ஆம் விதி, இருசக்கர வாகனம் போன்ற விலக்குகள் நீங்கலாக, முன்கண்ணாடி உள்ள வாகனத்தில் திறம்பட இயங்கும் வைப்பர் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஓசையெழுப்பிக்கொண்டு நீரை வரிவரியாக விட்டுச்செல்லும் வைப்பரைத் திறம்பட இயங்குவதாகச் சொல்ல முடியுமா?

வேனின் உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டியை ஓட்டுகிற தம்பி கண்ணாடியைப் பற்றி முறையிடும்போது, “இன்னும் ஒரு மழை தாங்கும்” என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு ரப்பர்ப் பட்டையின் விலை, மலைக்கு ஒருமுறை போய்வர ஆகும் டீசல் செலவோடு ஒப்பிட மிகச் சிறியது. அந்தச் செலவைத் தள்ளிப்போடுகிறவர் உரிமையாளர். இருட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வளைவில் திரும்புகிறவர் வேறொருவர். சாலை ஓரத்தில் நடக்கிறவர் மூன்றாமவர். அவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அழுக்குக் கண்ணாடியைக் கண்டால் அதை உடனே இருதயத்துக்கு உவமையாக்கிவிடுவோம். இறுகிய ரப்பரைக் கண்டால் கடின மனதைப் பற்றிப் பேசத் தொடங்குவோம். அப்படிப் பேசுவதும் பயனுள்ளதே. ஆனால் உவமை கேட்டு நெகிழ்ந்து, கூட்டம் முடிந்து, அதே அழுக்குக் கண்ணாடியோடு வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போவோமானால், கேட்டதன் பயன் என்ன? மழையில் சாக்குத் துணி போர்த்தி நடக்கிற அந்தப் பிள்ளை உவமை அன்று. அவளுக்குப் பெயர் உண்டு, வீட்டில் அவளுக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்டு. அயலாரை நேசிப்பது என்பது, மழை நாளில் வாகனம் ஓட்டுகிறவருக்கு, அவரைப் பதினைந்து மீட்டருக்கு முன்பே பார்த்துவிடுவது.

எனவே இந்த வாரத்துக்கு நான் உங்களிடம் கேட்பது சிறியது. வரும் சனிக்கிழமை மாலை ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி, அரைமணி நேரம். உங்கள் வீட்டு வாகனத்தின் கண்ணாடியையும் ரப்பரையும் துடையுங்கள். நேரம் மீதியிருந்தால் பக்கத்து வீட்டு ஆட்டோவின் கண்ணாடியையும் கேட்டுத் துடையுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றி வைப்பரைப் போடுங்கள். அது ஓசையின்றிப் போய்வந்தால் நன்று. இன்னும் துள்ளினால், எந்தத் திசையில் துள்ளுகிறது என்று கவனித்து, திங்கட்கிழமை காலையே மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு முன் அது முடிந்திருக்கட்டும்.